ஒரு வாய்க்கு ஒரு வில்லை

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. என் தங்கையின் புருஷன் எனக்குத் தர வேண்டிய பணம். அது என்ன அறுநூற்று நாற்பது கொசுறு என்று கேட்டால், என் இடது கால் கட்டைவிரலுக்கு அன்றைக்கு இருந்த விலை அதுதான். கிடங்கில் லாரியிலிருந்து அரிசி மூட்டை சரிந்து விரல் நசுங்கியபோது, சங்கத்துக்காரர்கள் நாலு மாதம் நடையாய் நடந்து முதலாளியிடமிருந்து கறந்த நஷ்டஈடு. கைக்கு வந்து ஒரு வாரம் ஆகவில்லை, மாப்பிள்ளை வந்து நின்றார்.

“மச்சான், வயித்துல ஒரு சிக்கல். சிகிச்சை எடுக்கணும். ஏழு நாள் தங்கணும்ங்கறாங்க.”

வயிறு என்றதும் எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் போனது ஆஸ்பத்திரிக்கு இல்லை. கைபேசியில் தினமும் வந்து எதைத் தின்றால் எப்போது சாவோம் என்று சொல்கிற ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் நடத்தும் முகாமுக்கு. ஒரு பாய், ஒரு துண்டு, மணிக்கு ஒரு தம்ளர் வெந்நீர். கடைசி இரண்டு நாள் குழாய் வைத்துக் குடலைக் கழுவுவார்களாம். சோறு போட்டுப் பணம் வாங்குகிறவனை நான் பார்த்திருக்கிறேன். சோறு போடாமல் இருப்பதற்குப் பணம் வாங்குகிறவனை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். என் கட்டைவிரல் போய் அவர் குடலைக் கழுவிவிட்டு வந்தது.

மாப்பிள்ளை தண்ணீர் வரி அலுவலகத்தில் எழுத்தர். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்தவன் காசில் ஒரு தேநீர்கூடக் குடிக்க மாட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என்னைப் பார்த்து, “உங்க பணம் நெனப்புல இருக்கு மச்சான்” என்பார். நெனப்புதான் வரும், பணம் வராது. சம்பளம் முழுக்கச் சாப்பாட்டுக்கே போயிற்று. சாப்பிடாத மனிதருக்கு எப்படி இவ்வளவு சாப்பாட்டுச் செலவு என்று நான் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் உண்டு.

முதலில் சர்க்கரையை விட்டார். நல்லது என்றேன். பிறகு பால். பிறகு மாவு வகை. பிறகு எண்ணெய், உப்பு, கிழங்கு, தக்காளி. ஒவ்வொரு பொருளை விடும்போதும் கூடவே ஒரு சொந்தக்காரரையும் விட்டார், அவர்கள் வீட்டில் அந்தப் பொருள் இருந்ததே காரணம். கடைசியில் மிஞ்சியது மூன்று. ஒரு குறிப்பிட்ட அரிசி, பச்சைப் பயறு, வெள்ளரிக்காய். சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தராசு வைத்திருப்பார். தொண்ணூறு கிராம் அரிசி என்றால் தொண்ணூறுதான். தொண்ணூற்றிரண்டு வந்தால் நாலைந்து பருக்கையை விரலால் எடுத்து வெளியே வைப்பார். ஒருமுறை கிடங்குக்கு என்னைத் தேடி வந்து, அங்கே உட்கார்ந்து வெள்ளரிக்காயை நிறுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர் தன் டப்பாவோடு வருவார். நான் என் தட்டோடு உட்காருவேன்.

“மச்சான், நீங்க சாப்பிடறது என்னன்னு தெரியுமா?”

“மீனு.”

“மீன் இல்ல. திரும்பத் திரும்பக் காய்ஞ்ச எண்ணெய். நேரா போய் ரத்தக் குழாய்ல உக்காரும்.”

“உக்காரட்டும் மாப்பிள்ளை. காலையிலேர்ந்து நான் உக்காரல. அதுவாவது உக்காரட்டும்.”

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி சொல்லுவாள், “அவரை எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க. சாப்பிடாம போறதுக்குன்னே இவ்வளவு தூரம் வந்திருக்கார், பாவம்.”

தங்கை பாத்திரம் கழுவித் தருகிறேன் என்று உள்ளே போவாள். பாத்திரச் சத்தம் கேட்காது. எட்டிப் பார்த்தால் அடுப்புப் பக்கம் நின்றபடி அவசர அவசரமாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் தாளிக்கக் கூடாது, வாசம் வந்தால் அவருக்கு மூச்சு முட்டும். ரொட்டிப் பொட்டலத்தை அழுக்குத் துணிக்கு நடுவில் ஒளித்துவைத்துத் தின்கிறாளாம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன பெண், சொந்த வீட்டில் ரொட்டி திருடுகிறாள்.

இதையெல்லாம் நான் திமிர் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த பசி ஒரே வகைதான், தட்டில் ஒன்றும் இல்லாத பசி. தட்டு நிறைய இருந்தும் பட்டினி கிடக்கிறவரைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எண்பது கிலோ மூட்டையை நாலு தரம் ஏற்றிவிட்டால் இந்த வியாதியெல்லாம் ஓடிவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவர் அலுவலகத்தில் நாற்காலியோடு சரிந்து விழுந்தார். வரி கட்ட வரிசையில் நின்றவர்கள்தான் தூக்கி உட்கார வைத்தார்களாம். வைத்தியர் எடை பார்த்தார். நாற்பத்து மூன்று கிலோ. எங்கள் கிடங்கு மூட்டையில் பாதிக்குச் சற்று மேலே. ரத்தம் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டார். நானும் தங்கையும் கூடப் போனோம். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அவர் ஒரு மணி நேரம் பேசினார், மாப்பிள்ளை ஒன்றரை மணி நேரம் பேசினார். பயறு முளைக்கட்ட எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்பது இப்போது அந்த மருத்துவருக்கும் தெரியும்.

பிறகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். தங்கை முதலில் கேட்டது காகிதத்தைத்தான். என்ன நோய் என்று எழுதி வாங்கி வந்தால்தான் சம்பளத்தோடு விடுப்பு என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

“சுத்தமாச் சாப்பிடணும்ங்கற எண்ணமே ஒருத்தரைப் பிடிச்சு ஆட்டறதுக்கு ஒரு பேரு இருக்கு,” என்றார் மருத்துவர். “ஆனா நாங்க நோய்னு எழுதற பட்டியல்ல அது தனியா இல்ல. சேர்க்கணுமா வேண்டாமான்னு இன்னும் பேசிட்டுதான் இருக்காங்க.”

“யாரு?”

“பெரிய டாக்டருங்க.”

“அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள இவரு முடிஞ்சிருவார் போலிருக்கேம்மா,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “பட்டியல் என்னவோ சொல்லட்டும். அவரு எடையைப் பாருங்க. இப்போதைக்கு அவர் சாப்பிடற அந்த மூணு பொருளையும் யாரும் தொட வேண்டாம். மெதுவா நாலாவது ஒண்ணைச் சேர்க்கப் பார்ப்போம்,” என்று சொல்லி, காகிதத்தில் உடல் பலவீனம், ரத்தக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் உடனே ஒப்புக்கொண்டார்கள். பலவீனம் பட்டியலில் இருக்கிறதாம். அது எதனால் வந்தது என்பதுதான் இல்லையாம்.

வெளியே வரும்போது தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, நீ எடுத்துச் சொல்லேன். உன் வார்த்தைக்கு ஒரு மதிப்பு வெச்சிருக்கார்.”

சொல்வதற்கு என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. மூன்று வருஷமாக இருந்தது.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தோராவது வயதில். சங்க அலுவலகத்தில் மாலை வகுப்பு வைத்தார்கள், கை நாட்டு வைத்து வைத்து அலுத்துப்போய்ப் போனேன். ஆறு மாதம் கழித்து நானாகவே எழுத்துக் கூட்டி வாசித்த முதல் பொருள் மூட்டைதான். எங்கள் கிடங்கில் இரண்டு வகைப் பை உண்டு. ஒன்று வெறும் வெள்ளை. இன்னொன்றில் பச்சைக் கரை போட்டு ஏதோ அச்சடித்திருக்கும். அழகுக்குப் போட்டது என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாசித்தபோதுதான் தெரிந்தது: உரமும் மருந்தும் படாத நெல், தூய உணவு. விலை மூன்று மடங்கு. குவியல் என்னவோ ஒன்றுதான். ஒரே குவியலிலிருந்து அள்ளி, இடது பக்கம் வெள்ளைப் பை, வலது பக்கம் பச்சைப் பை. வாயைத் தைக்கிறவர்களில் நானும் ஒருவன். வெளியே சொன்னால் கூலி போகும் என்று என் வாயையும் சேர்த்தே தைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை தொண்ணூறு கிராம் நிறுத்துச் சாப்பிட்டது அந்தப் பச்சைப் பை அரிசியைத்தான். எங்கள் முதலாளியின் முன்கடையில் வரிசையில் நின்று வாங்குவார். பின்பக்கம் நான் மூட்டை தைத்துக்கொண்டிருப்பேன். என் கடன் பணம் மாதாமாதம் முன்பக்கமாகப் போய்க் கல்லாவில் விழுவதைப் பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மடையன் நான்.

இப்போது எனக்கு அந்த உண்மையே மருந்தாகத் தெரிந்தது. நீங்கள் விஷம் என்கிறதை மூன்று வருஷமாக நீங்களே தின்கிறீர்கள், உங்களுக்கு என்ன ஆனது, என்று காட்டிவிட்டால் மனிதர் தெளிந்துவிடுவார். படித்தவர்களால் முடியாததை மூட்டை தூக்குகிறவன் முடித்துக் காட்டினான் என்று நாலு பேர் சொல்வார்கள். மருத்துவர் எதைத் தொட வேண்டாம் என்றாரோ, அதை அடியோடு மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். இந்த டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கினேன்.

ஒரு மத்தியானம் அவரைக் கிடங்குக்குக் கூட்டிவந்தேன். குவியல் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. இரண்டு பேர் அள்ள, இரண்டு பேர் பை பிடிக்க, வேலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடியும் குவியலைப் பார்த்தார்.

மேஸ்திரிக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. “வாங்க தராசு. எது வேணும், பச்சையா வெள்ளையா? கூச்சப்படாம சொல்லுங்க, பையை மாத்திக் கட்டிடறேன். உங்களுக்காக இது கூடச் செய்யலன்னா எப்படி?”

ஆட்கள் சிரித்தார்கள். நானும்தான்.

மாப்பிள்ளை பையிலிருந்து தராசை எடுத்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி உள்ளே வைத்தார். “அப்போ மூணு வருஷமா நான் என்ன சாப்பிட்டேன், மச்சான்?”

“அரிசி,” என்றேன்.

“இனிமே எதை நம்பிச் சாப்பிடறது?”

நான் அதையும் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். “எங்களை மாதிரி, தட்டை நம்பிச் சாப்பிடுங்க” என்று முதுகில் தட்டினேன். சட்டைக்குள் எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது.

ஐந்தாம் நாள் காலை தங்கை கிடங்குக்கே ஓடிவந்தாள். காலில் இரண்டு வேறு செருப்பு.

“அண்ணே, அரிசியைக் கொட்டிட்டார். பயறையும் கொட்டிட்டார். அதையும் யாரோ பை மாத்தியிருப்பாங்களாம். வெள்ளரிக்காயைத் தொடல. தண்ணியை மட்டும் மூணு தரம் கொதிக்க வெச்சு ஆத்திக் குடிக்கறார். நாலு நாளாச்சு. நேத்துலேர்ந்து அந்தத் தண்ணியைப் பாத்தும் யோசிக்கறார்.”

தூக்கிக்கொண்டு போனோம். நான் ஒருவனே தூக்கினேன். வாழ்க்கையில் நான் தூக்கியதிலேயே லேசான சுமை.

மருத்துவமனையில் கையில் ஊசி குத்தி மருந்து நீர் ஏற்றினார்கள். கண் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது தொங்கிய புட்டியைத்தான். என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். பொடி எழுத்து. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். உப்பு என்று வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கையை உதறினார். இரண்டு தாதிகள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் மருத்துவர் நடைக்கூடத்தில் என்னை நிறுத்தினார். “அரிசி விஷயத்தை அவர்கிட்ட யாரு சொன்னது?”

“நான்தான்மா.”

“அவர் மூணே மூணு பலகை மேல நின்னுட்டிருந்தார். நீங்க ஒண்ணை உருவிட்டு, மத்த ரெண்டும் இப்படித்தான்னு சொல்லாமச் சொல்லியிருக்கீங்க.”

“உண்மையைத்தானே சொன்னேன்.”

“உண்மைதான். அதை எதுக்காகச் சொன்னீங்கன்னு யோசிங்க.”

யோசித்தேன். அவரைக் காப்பாற்ற என்றுதான் மனசு சொன்னது. ஆனால் கிடங்கில் எல்லோரும் சிரித்தபோது எனக்குக் கிடைத்த சுகத்தை நான் மறக்கவில்லை. மூன்று வருஷமாக என் தட்டைப் பார்த்து முகம் சுளித்தவரின் தட்டைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு அது. திமிர் பிடித்தவர் என்று யாரைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அந்த ஆள் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் உள்ளே கிடந்தார். தெம்போடு வெளியே நின்றவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டிருந்த நாளில் நான் கட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தங்கை கஞ்சித் தம்ளரை வைத்துக்கொண்டு கெஞ்சி ஓய்ந்துபோய், தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள்.

“மச்சான்,” என்றார் அவர்.

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“உங்க பதினெட்டாயிரத்து அறுநூத்து நாப்பதைத் தராமலே போயிடுவேனோன்னு இருக்கு.”

சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த ஆளுக்கு அறுநூற்று நாற்பது மறக்கவில்லை. தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனையும் வந்தது.

“தராம எங்க போவீங்க? வேலை செஞ்சு கழிங்க.”

“என்ன வேலை? என்னால எழுந்திரிக்கவே முடியல.”

எங்கள் கிடங்கில் கூலி வில்லைக் கணக்கு. ஒரு மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மேஸ்திரி ஒரு தகர வில்லையைக் கையில் போடுவார். வேலை முடிந்ததும் வில்லையை எண்ணிக் காசு. நான் மறுநாள் மேஸ்திரியிடம் போய், துருப்பிடித்துக் கிடந்த பழைய வில்லைகளை ஒரு பால்மாவு டப்பா நிறைய வாங்கி வந்தேன். கட்டில் மேல் கொட்டினேன்.

“ஒரு வாய்க்கு ஒரு வில்லை. ஒரு வில்லைக்கு இருபது. எத்தனை வில்லையில கடன் தீரும், நீங்களே சொல்லுங்க.”

கண்ணை மூடினார். வினாடிகூட ஆகவில்லை. “தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு.”

“அவ்வளவுதான். ஆரம்பிங்க.”

“ஒரு வாய்ன்னா எத்தனை கிராம்?”

“வாய் கொள்ற அளவு.”

“அது சரியான அளவு இல்லையே மச்சான்.”

“மூட்டைக்கும் சரியான அளவு கிடையாது. எழுபத்தஞ்சும் வரும், எண்பத்திரண்டும் வரும். கொண்டுபோய்ச் சேர்த்தா ஒரு வில்லை. நிறுத்துப் பாத்துட்டு நிக்கறவனுக்கு ஒண்ணும் கிடையாது.”

தங்கை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பைத்தியம் கட்டிலிலா பக்கத்திலா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் ஒரு கரண்டிக் கஞ்சியை நீட்டினேன். அது சுத்தமா, யார் காய்ச்சியது, எந்தப் பை, எதையும் நான் சொல்லவில்லை. அவர் கஞ்சியைப் பார்க்கவில்லை, வில்லையையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். விழுங்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. விழுங்கினார். வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலை மடக்கிக்கொண்டார்.

முதல் நாள் ஆறு. நூற்றிருபது கழிந்தது. பட்டினி கிடந்த உடம்பு, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வில்லையைப் பார்த்துவிட்டு, “இது வைத்தியம் இல்ல, தெரியுமில்ல? ஒரு எண்ணிக்கையை விட்டு இன்னொரு எண்ணிக்கையைப் பிடிச்சிருக்கார்,” என்றார். “தெரியும்மா. இந்த எண்ணிக்கையில சோறு இருக்கு,” என்றேன். அவர் எழுதுகோலை மூடிக்கொண்டு போனார். வாரம் இரண்டு முறை மருத்துவர் மாப்பிள்ளையோடு பேசுவதும் மாத்திரையும் தனியாக நடந்தது.

இரண்டாம் நாள் வாந்தி எடுத்தார். நான் கையை நீட்டினேன்.

“என்ன?”

“வில்லையைக் குடுங்க. வழியில போட்ட மூட்டைக்குக் கூலி கிடையாது.”

“நீங்க மனுஷனே இல்ல மச்சான்.”

“கடன் குடுத்தவன்.”

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, காலையில் நான் போனதும் இரண்டு வில்லையை எடுத்து நீட்டினார். “நேத்து ரெண்டு வாய் கைக்குட்டையில துப்பிட்டேன். நீங்க பாக்கல. கழிச்சிருங்க.” அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. உடம்பில் சதை போய்விட்டது, ஆனால் கணக்கில் பொய் எழுத முடியாத அந்த எழுத்தர் உள்ளே பத்திரமாக இருந்தார். அவரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மத்தியானச் சாப்பாடு கிடங்கில் என்று ஏற்பாடு. சுவர் ஓரம் சாக்கை விரித்து எங்கள் ஆட்களோடு உட்காருவார். என் தூக்குப் பாத்திரத்தில் அவருக்கும் சேர்த்து வரும். சோறு, பருப்பு, ஒரு முட்டை. முட்டையைச் சேர்க்க மட்டும் பதினாறு நாள் ஆயிற்று. மஞ்சள் கருவை ஏதோ வெடிகுண்டு மாதிரி நகர்த்தி வைப்பார்.

“அதுக்கு ரெண்டு வில்லை குடுத்துப் பாரு,” என்றார் மேஸ்திரி.

“விலையை ஏத்தாதீங்க. அப்புறம் நாளைக்கு எல்லாத்துக்கும் கேப்பார்.”

“நான் அப்படிப்பட்டவன் இல்ல,” என்றார் மாப்பிள்ளை, நிஜமாகவே முகம் சிவந்து.

கணக்கை நான் என் நோட்டில் எழுதினேன். அவர் தனியாக ஒன்று எழுதினார். தினமும் இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். அறுநூற்று நாற்பதாவது வில்லை வந்த அன்று பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

“சம்பளம் வந்துடுச்சு மச்சான். மீதி ஐயாயிரத்து எண்ணூத்து நாப்பது. ரொக்கமா வாங்கிக்கங்க. கணக்கை முடிச்சிரலாம்.”

சாக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பணம் எனக்கு எவ்வளவு தேவை என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. கையை நீட்டினால் போதும். ஆனால் அவர் முடிக்கப் பார்ப்பது கடனை இல்லை, சோற்றை. அவருடைய கண்ணே சொன்னது.

“வில்லைக் கணக்கை ரொக்கத்துல தீர்க்கற வழக்கம் எங்க கிடங்குல இல்ல மாப்பிள்ளை.”

“அது எந்த விதியில இருக்கு?”

“எந்தப் பட்டியல்லயும் இல்ல. உங்க வியாதி மாதிரிதான்.”

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் புரையேறியது. மாப்பிள்ளை கவரை மறுபடி பையில் வைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி அடுத்த வாயை எடுத்தார். அறுநூற்று நாற்பத்தொன்று.

ஆனால் எனக்குள் அன்றிலிருந்து ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு வரும். வராமல் இருக்காது. அதற்கு மறுநாள்? கடன் இல்லாத மனிதர் எதற்காக வாயைத் திறப்பார்? எண்ணிக்கையில் ஏமாற்றிப் பார்த்தேன். எண்ணூற்று ஐம்பதை எண்ணூற்று நாற்பது என்று எழுதினேன். அவர் நோட்டை எடுத்து வந்து மூக்குக்கு நேரே நீட்டினார். “பத்து விட்டுட்டீங்க.” தாமதமாகப் படித்தவன், கூட்டல் கொஞ்சம் தகராறு என்றேன். “கூட்டல்ல தகராறு இல்ல. எண்ணத்துலதான்,” என்றார். எழுத்தரிடம் போய்க் கணக்கில் கை வைக்கப் பார்த்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

தொள்ளாயிரத்து இருபத்தொன்று ஆன மறுநாள். மிச்சம் பதினொன்று. மூன்று லாரி ஒரே நேரத்தில் வந்து நின்றதால் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது மாப்பிள்ளை சாக்கில் இல்லை. என் தூக்குப் பாத்திரம் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே நின்றிருந்தார்.

“எவ்வளவு நேரம் மச்சான்? எனக்குப் பசிக்குது.”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் ஒருவர் செம்பைக் கீழே இறக்கினார். இந்த மூன்று வருஷத்தில் மாப்பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. உணவு வேளை என்பார், அளவு என்பார். பசி என்று சொன்னதில்லை. அது எங்களைப் போன்றவர்களுக்கு வருவது.

நான் பாத்திரத்தைப் பிரித்தேன். வில்லை டப்பாவை வழக்கம்போலப் பக்கத்தில் வைத்தேன். அவர் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய். நான் வில்லையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கையை நீட்டவில்லை. இரண்டு. மூன்று. டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் புதிதாக வந்த மேலதிகாரி கோப்புகளை எப்படிக் குழப்புகிறார் என்று வாயில் சோற்றோடு பேசிக்கொண்டே போனார். அவர் எண்ணவில்லை. நான்தான் எண்ணினேன். பதினான்கு.

பதினைந்தாவதில் நின்றார். பருப்பின் மேல் மிதந்ததை விரலால் ஒதுக்கினார். “இந்த எண்ணெய் எந்தக் கடை…” என்று ஆரம்பித்தார்.

“தராசு, வாயை மூடிட்டுத் தின்னுங்க,” என்றார் மேஸ்திரி.

தின்றார். முழுக்கக் குணமாகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் அந்தச் சனியன் தராசு இன்னும் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் இன்னும் கைபேசியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறான், எங்கள் முதலாளியின் பச்சைப் பை இன்னும் முன்கடையில் விலைபோகிறது, பெரிய டாக்டர்களும் இன்னும் பட்டியலைப் பற்றிப் பேசி முடித்தபாடில்லை.

கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. டப்பாவைப் பார்த்தார், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

“மச்சான், இன்னிக்கு வில்லை?”

“நீங்க கேக்கல. கேக்காத கூலி கிடையாது.”

“அப்போ பதினொண்ணு அப்படியே நிக்குது. இருநூத்து இருபது.”

நான் நோட்டைத் தொடையில் வைத்து, மீதி இருநூற்று இருபது தள்ளுபடி என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தேன். அவர் குனிந்து படித்தார்.

“இது எப்படிச் சரியாகும்? நான் கட்டாத பணத்தை நீங்க எப்படி அடிக்கலாம்? எனக்கு யார் தர்மமும் வேண்டாம்.”

“தர்மம் இல்ல மாப்பிள்ளை. மூணு வருஷம் உங்க அரிசிப் பையைத் தெச்சவன் நான். அதுக்கு வாங்கின கூலியில இருநூத்து இருபது திருப்பிக் குடுத்திருக்கேன். உங்க நோட்டுலயும் எழுதிக்கங்க.”

அவர் என் நோட்டை வாங்கி இன்னொரு தரம் படித்தார். பிறகு தன் நோட்டை எடுத்து, அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதி, தேதி போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.